வேப்பமரத்துப் பை

ஆவணி 20, ஞாயிறு

ஏ கருப்பட்டி,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். "ஊரே சங்கரேஸ்வரின்னு கூப்பிடுது, நீ மட்டும் ஏம்மா பலசரக்குக் கடையில நிக்கிற மாதிரி கூப்பிடுத" என்பாய். வந்து சொல்லேன், பார்ப்போம்.

இந்த நோட்டு ரெஜினா மேடம் கொடுத்தது. பட்டாசு ஆபீஸ் வெடித்ததில் ஆள் போன வீட்டுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று. மதுரையில் ஏதோ சங்கத்திலிருந்து வந்திருக்கிறாள். செத்த வீட்டுக்காரர்களுக்கு ஆறுதல் சொல்வதுதான் வேலையாம். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது பார்.

"போனவங்ககிட்ட என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்களோ அதை எழுதுங்கம்மா. மனசு லேசாகும்" என்றாள்.

"நான் அஞ்சாங்கிளாசு" என்றேன்.

"தப்பு வந்தா வரட்டும்மா. யாரும் படிக்க மாட்டோம்."

யாரும் படிக்காததை எதற்கு எழுத வேண்டும்? எழுதவில்லை என்றால் தினமும் வந்து கேட்பாள். அவள் வாயை அடைக்கத்தான் எழுதுகிறேன்.

உன் கோழி முட்டை வைப்பதை நிறுத்திவிட்டது. அன்றைக்கு வெடித்த வெடியில் ஓடு விலகிக் கிடக்கிறது. மழை பெய்தால் நேராக உன் கட்டிலில்தான் விழும். ஏறிச் சரி செய்ய ஆள் தேட வேண்டும்.

ஆவணி 21, திங்கள்

இன்றைக்குக் காவி வேட்டி கட்டிய ஒருவர் நாலைந்து பேரோடு வந்தார். விபூதிப் பொட்டலம் கொடுத்தார். முன்பிறப்பு வினை, அதை யாராலும் தடுக்க முடியாது என்றார்.

"ஆறு பிள்ளைகளுக்கும் ஒரே வினையா சாமி? நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்ல ஏழு பேரை உக்கார வச்சானே, அவனுக்கு வினை கிடையாதா?" என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்றவன், "அம்மா துக்கத்துல பேசுறாக" என்று அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவர்கள் போன கையோடு ஜெபக்காரர்கள் வந்தார்கள். ஆண்டவர் தன் தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பார்த்துப் பறிப்பாராம். "அவருக்குப் பறிக்க வேற செடி இல்லையா?" என்றேன். ஒரு அம்மாள் அழுதாள். அவளுக்கு நான் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

விபூதிப் பொட்டலத்தைக் கோழி கொத்திக் கிழித்துவிட்டது.

ஆவணி 23, புதன்

சமுதாயக் கூடத்துக்கு வரச்சொன்னாள் ரெஜினா. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை, போனேன்.

அவள் உடுத்தியிருந்தது வழுவழுச் சேலை. நடந்தாலே காலில் ஒட்டிக்கொண்டு சரசரக்கும் ரகம். வெடிமருந்து ரூம் வாசலிலேயே இவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நூல் துணிதான் உடுத்த வேண்டும், காலில் செருப்பு கூடாது, கையில் வளையல் கூடாது. உரசினால் பொறி வரும் என்று நம்மூரில் பால்குடி மறக்கும் முன்பே தெரியும். எனக்கு இருமல் வந்து ஆபீஸை விட்டு நின்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இப்போதும் கடையில் சேலையைத் தொட்டால் முதலில் விரல் அதைத்தான் பார்க்கிறது.

எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கொரு பலூன் கொடுத்தாள். "உங்க மனசுல இருக்க பாரத்தையெல்லாம் இதுக்குள்ள ஊதுங்க" என்றாள். பொம்பளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஊதினார்கள். நான் ஊதவில்லை.

யாரோ ஒருத்தியின் பலூன் வெடித்தது.

ஒருவரும் கத்தவில்லை. யாருக்கு எந்த வாசல் பக்கமோ அதன் வழியாக எழுந்து ஓடிவிட்டோம். கூடத்துக்கு வெளியே, வெயிலில், வெறுங்காலோடு நின்ற பிறகுதான் மூச்சே வந்தது. திரும்பிப் பார்த்தால் உள்ளே ரெஜினா மட்டும் பலூன் கட்டும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு நட்டநடுவில் நிற்கிறாள்.

"யாத்தே, மேடத்தை உள்ளயே விட்டுட்டு வந்துட்டமே" என்றாள் ஒருத்தி.

"அது ஆபீஸ்ல ஒரு நாள் தாங்காது" என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பிறகு எல்லாரும் அழுதார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆவணி 25, வெள்ளி

தங்கமாரி வந்துவிட்டாள். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கினார்கள். உன் ரூமில் இருந்த ஏழு பேரில் இவள் ஒருத்திதான் மிச்சம். வாசல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாளாம், தூக்கி வெளியே எறிந்துவிட்டதாம். இரண்டு கையும் முதுகும் கழுத்தும் வெந்திருக்கிறது.

தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. அவள் அம்மா சீனியம்மாதான் ஒத்தையாக ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள்.

உராய்வில் வெடித்தது என்று ஆபீசர்கள் சொல்லிவிட்டார்கள். உரசியது யார் என்று போர்மேன் சுந்தரவேலு சொல்லிவிட்டான். தங்கமாரி வெடிமருந்துத் தட்டைத் தரையில் வைத்து இழுத்தாளாம். ஆறு பிள்ளைகளைக் கரிக்கட்டையாக்கிவிட்டு இவள் மட்டும் வந்து படுத்திருக்கிறாள்.

கதவுச் சந்து வழியாகத்தான் பார்த்தேன். அவள் கால் மட்டும் தெரிந்தது. மெட்டி இல்லாத கால். உன் கால் மாதிரியே இருந்தது.

ஆவணி 27, ஞாயிறு

குழாயடியில் சீனியம்மா குடத்தை வரிசையில் வைத்திருந்தாள். நான் என் காலால் அதைத் தள்ளினேன். உருண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது.

"மதினி, பிள்ளைக்குப் புண்ணு கழுவத் தண்ணி வேணும்" என்றாள்.

"எம்பிள்ளைக்குக் கழுவ உடம்பே இல்லட்டி. வெள்ளைத் துணியில பொட்டலமாத்தான் குடுத்தாக. பிரிச்சுப் பாக்காதீகன்னு சொல்லிக் குடுத்தாக."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிப் பக்கம் போனாள். எல்லாரும் எனக்கு முதலில் பிடிக்க இடம் விட்டார்கள். மரியாதைதான்.

சாவுக்கு வேட்டுப் போடுகிற ஊர் இது. உன்னைக் கொண்டுபோகும்போது ஒரு வேட்டு கிடையாது. எல்லாரும் செருப்புச் சத்தம்கூட இல்லாமல் நடந்தார்கள். அந்த அமைதி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. 

ஆவணி 29, செவ்வாய்

ரெஜினா வந்தாள். நான் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். "எப்படி இருக்கீங்க?" என்றாள். "கண்ணு தெரியலையா?" என்றேன். அவளும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவினாள். காம்பும் பூச்சியுமாகச் சேர்த்து உருவுகிறாள். எந்த வீட்டில் இவளைக் கட்டிக்கொண்டு போனார்களோ.

அப்புறம் அவள் கண் சுவருக்குப் போனது.

உன் மஞ்சள் பை ஆணியில் தொங்குகிறது. ஆபீசுக்குள் எதையும் கொண்டுபோகக் கூடாது என்று எல்லாரும் வாசல் வேப்பமரத்தில் மாட்டுவீர்களே, அந்தப் பை. ரூமெல்லாம் தரைமட்டமான பிறகும் மரத்தில் பைகள் அப்படியே தொங்கினவாம். வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி மாட்டினேன். அதற்குப் பிறகு தொடவில்லை.

"அதுல என்னம்மா இருக்கு?"

"தூக்குவாளியில எலுமிச்சம்பழச் சோறு."

"அன்னைக்குக் கொடுத்துவிட்டதா?"

முதல் வாரம் வீட்டுக்குள் இருக்க முடியாத வாடை. இப்போது வாடை போய்விட்டது, எறும்புதான். கூரையிலிருந்து சுவர் வழியாகக் கோடு போட்ட மாதிரி இறங்கிப் பைக்குள் போகிறது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திறந்து பாருங்கள், மனசு ஆறும் என்று சொல்லப்போகிறாள், சொன்னால் கீரைத் தட்டோடு வெளியே எறிவது என்று காத்திருந்தேன்.

அவள் எழுந்துபோய் அடுப்படியில் மஞ்சள்தூள் டப்பாவைத் தேடி எடுத்தாள். பைக்கு மேலே ஆணியைச் சுற்றிச் சுவரில் அப்பிவிட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் கீரையை எடுத்தாள்.

போகும்போது, "மஞ்சத்தூள் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

ஆவணி 31, வியாழன்

சீனியம்மா கதவைத் தட்டினாள். வாசலில் நின்றே பேசினாள்.

"மதினி, பழைய நூல் துணி ஏதாவது இருந்தாக் குடுங்க. பிள்ளைக்கு வேற துணி பட்டா ஒட்டிக்கிட்டுத் தோலோட வருது. வேகவச்சுக் காயவச்ச பழைய நூல் துணிதான் போடணும்னு டாக்டர் சொல்லுதாக. எங்க வீட்டுல இருந்ததெல்லாம் கிழிச்சாச்சு."

"எங்க வீட்டு நூல் துணியெல்லாம் எம்பிள்ளை உடுத்தது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சாத்திய கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவளும் வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். மூச்சு வாங்குவது கேட்டது.

புரட்டாசி 1, வெள்ளி

உன் கட்டிலை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன். மழை வரவில்லை.

புரட்டாசி 3, ஞாயிறு

ரெஜினா தங்கமாரி வீட்டுக்குத் தினமும் போகிறாள். இந்த ஊரில் அந்த வீட்டுப் படி ஏறுவது இவள் ஒருத்திதான். இன்று அங்கிருந்து நேராக இங்கே வந்தாள்.

"தங்கமாரி உங்களைப் பார்க்கணும்னு சொல்லுதும்மா. வேற யாரையும் கேக்கல. உங்களை மட்டும்தான்."

"எதுக்கு? மிச்சம் இருக்கதையும் கொளுத்தவா?"

"ராத்திரியெல்லாம் அத்தை அத்தைங்குது."

"நீங்க ரெண்டு பக்கமும் போய் உக்காந்தா யாருக்கு ஆறுதல் சொல்லுதீகன்னே தெரியலையே. அவ கொன்னவ. நான் குடுத்தவ. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா" என்றாள். முதல்முறையாக உண்மை பேசினாள்.

அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல என்ன இருக்கிறது, உனக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலம் உன்னைப் பார்க்க ரோட்டு மாரியம்மன் கோயிலுக்கு வருவதாக இருந்தது. வேலை விட்டு வீட்டுக்கு வந்தால் நேரமாகிவிடும், நேராகக் கோயிலுக்கே வந்துவிடு என்றேன். சாத்தூரில் வாங்கிய அந்த மயில்கழுத்து நிறச் சுடிதார். வழுவழுவென்று தண்ணீர் மாதிரி வழியும். "போகும்போதே உடுத்திட்டுப் போடி. வேன்ல நாலு பேரு பாக்கட்டும். அங்க போய்ப் பழசை மாத்திக்க. சாயங்காலம் திரும்ப இதை உடுத்திக்க" என்றேன். சரிம்மா என்றாய். நீ குளித்து வருவதற்குள் நான் நூறுநாள் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

நீ மாற்றியிருப்பாய். விவரமான பிள்ளை. மாற்றியிருந்தால் புதுச் சுடிதார் பைக்குள் இருக்கும். மாற்றவில்லை என்றால் அந்தப் பழைய பச்சை நூல் சுடிதார் இருக்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பையைத் தடவினால் மெத்தென்று ஏதோ ஒன்று இருக்கிறது.

தட்டை இழுத்தது தங்கமாரிதான். போர்மேன் பொய்யா சொல்வான்?

புரட்டாசி 4, திங்கள்

போர்மேன் சுந்தரவேலு வந்தான். ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுவந்தான். உன் படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடினான்.

"அக்கா, புதன்கிழமை விசாரணை ஆபீசர் சமுதாயக் கூடத்துக்கு வாராரு. தங்கமாரி தட்டை இழுத்ததாலதான் வெடிச்சதுன்னு எல்லாரும் சொல்லுவாக. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா முடிஞ்சது. செத்த பிள்ளையோட தாய் சொன்னா அதுக்கு மேல பேச்சு கிடையாது."

"எம்பிள்ளை எதையும் இழுக்கல, எடுக்கலைன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா. தங்கமாரிதான்."

"எம்பிள்ளை அன்னைக்கு என்ன துணி உடுத்தியிருந்தா?"

அவன் கை உன் படத்து மாலையைச் சரி செய்தது. சரியாகத்தான் இருந்தது மாலை.

"அத்தனை பேருல யாரு என்ன துணின்னு கவனிக்க முடியுமாக்கா? அதெல்லாம் எதுக்கு இப்ப? புதன்கிழமை வந்துருங்க."

போர்மேனுக்கு வாசலில் நின்று துணி பார்த்து உள்ளே விடுவதுதான் முதல் வேலை. நான் வேலை பார்த்த காலத்தில் பழைய போர்மேன் என் முந்தானையைக் கசக்கிப் பார்த்து உள்ளே விடுவார்.

ஆப்பிளைக் கோழிக்கு வெட்டிப் போட்டேன்.

புரட்டாசி 5, செவ்வாய்

காலையில் ரெஜினா வந்தபோது பையை ஆணியிலிருந்து எடுக்கச் சொன்னேன். என் கை ஏறவில்லை. எடுத்துத் தரையில் வைத்தாள். "நான் வெளிய இருக்கட்டுமாம்மா?" என்றாள். "இருங்க" என்றேன். அது இங்கே இரு என்றா, வெளியே இரு என்றா, எனக்கே தெரியாது. அவள் நிலைப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தூக்குவாளியை முதலில் எடுத்தேன். மூடியைத் திறக்காமல் அப்படியே தூக்கிக் குப்பைக்குழியில் போட்டேன். சீப்பு. ரப்பர் பேண்ட். சாயங்காலத்துக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ, வாழையிலையில் சுற்றியது, தூளாகியிருந்தது.

அதற்குக் கீழே பச்சை. நாலாக மடித்த பச்சை நூல் சுடிதார். மடிப்புக் கலையவில்லை.

இதற்கு மேல் இன்றைக்குக் காலையைப் பற்றி எழுதவில்லை.

மத்தியானம் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு தங்கமாரி வீட்டுக்குப் போனேன். அவர்கள் கதவில் யாரோ மண்ணை அள்ளி எறிந்த தடம் காய்ந்திருக்கிறது. சீனியம்மா என்னைப் பார்த்ததும் மகளுக்கு முன்னால் வந்து குறுக்கே நின்றாள். அடிக்க வந்தேன் என்று நினைத்தாள் போல.

"தள்ளு. உன் மகதான கூப்பிட்டா" என்றேன்.

தங்கமாரி வாழையிலையில் படுத்திருந்தாள். கண்ணும் வாயும் அவளுடையது. மற்றதைப் பார்க்க முடியவில்லை.

"என்னட்டி, எதுக்குக் கூப்பிட்ட?"

அவள் என் கையில் இருந்த பச்சைத் துணியைப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பையத் திறக்காதீகன்னு சொல்லத்தான் அத்தை கூப்பிட்டேன்."

தரையில் உட்கார்ந்தேன்.

"அப்ப உனக்குத் தெரியும். அவ மாத்தலைன்னு தெரியும்."

"தெரியும்."

"தட்டை நீ இழுத்தியா?"

"இல்ல அத்தை. தட்டு என் மடியில இருந்துச்சு. அவ தண்ணி குடிக்க எந்திரிச்சா. துணி சடசடன்னுச்சு. அவ்வளவுதான் தெரியும்."

"ஊரே உன் வாசல்ல மண்ண வாரி எறியுது. உங்கம்மாவத் தண்ணி எடுக்க விடல. நாந்தான் குடத்தைத் தள்ளினேன். ஏன் சொல்லலட்டி?"

"சொன்னா நீங்க உயிரோட இருக்க மாட்டீகளே அத்தை" என்றாள்.

சீனியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போயிருக்கிறாள்.

"ஏன் மாத்தல?" என்று கேட்டேன்.

"மாத்தத்தான் போனா. போர்மேன் விடல. லாரி நிக்குது, லோடு போகணும், இன்னைக்கு ஒரு நாள்தான, போய் உக்காருன்னு கத்துனாரு."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டி."

அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்ப முடியல அத்தை. கழுத்து இழுக்கு" என்றாள்.

புரட்டாசி 6, புதன்

விசாரணை ஆபீசர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் முதலில் போனேன். பச்சைத் துணியை மேசையில் வைத்தேன்.

"எம்பிள்ளை பேரு சங்கரேஸ்வரி. அன்னைக்கு வழுவழுத் துணியில உள்ள போயிருக்கா. மாத்துத் துணி இது. நாந்தான் அதை உடுத்திட்டுப் போகச் சொன்னேன். மாத்திக்கன்னும் சொன்னேன். வாசல்ல துணி பாக்கதுக்கு ஒரு ஆள் இருக்கான், அவன் விட்டிருக்கான். நாலு பேரு ரூம்ல ஏழு பேரை வச்சிருக்கான். தங்கமாரி ஒண்ணும் இழுக்கல. எழுதிக்கோங்க."

ஆபீசர் எழுதிக்கொண்டார்.

யாரோ பின்னாலிருந்து, "இவ மகளாலயா எல்லாம்" என்றார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்கு என் கதவிலும் மண் விழும். விழட்டும். 

ஆபீசர் சுந்தரவேலுவைக் கூப்பிட்டார். அவன் மூஞ்சி வெளிறிப்போய் வந்தான். "நான் மாத்தச் சொன்னேன் சார்" என்றான். "அந்தப் பிள்ளைதான் கேக்கல. சிரிச்சுக்கிட்டே, 'இருக்கட்டும்ணே, மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும்'னுச்சு."

"பொய் சொல்லாதல, நாசமாப் போவ" என்று பாய்ந்தேன். ரெஜினாதான் என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி. அவளிடம் இவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

துணியைச் சாட்சிக்கு வைத்துக்கொள்கிறோம் என்றார் ஆபீசர். "படம் பிடிச்சுக்கோங்க. துணியத் தர மாட்டேன்" என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புரட்டாசி 9, சனி

கதவில் மண் விழுந்தது. கழுவிவிட்டேன். குழாயடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. கொஞ்சம் கழித்துச் சீனியம்மா வந்து வைத்தாள். "உங்க முறை மதினி" என்றாள். "நீயே பிடி" என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பச்சைத் துணியைப் பெரிய பானையில் போட்டு வேகவைத்தேன். வேகும்போது உன் வாடை ஏதாவது வருமா என்று முகத்தை ஆவியில் வைத்துப் பார்த்தேன். வெறும் துணி வாடைதான். உச்சி வெயிலில் காயப்போட்டு, கோழி மிதிக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு தையலைப் பிரித்துக் கிழித்தேன். பழைய நூல், சத்தமே இல்லாமல் கிழிந்தது.

தங்கமாரி வீட்டில் ரெஜினா விசிறிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நூல் சேலை உடுத்தியிருக்கிறாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "விசிறிய ஆட்டுதீகளா, ஈ ஓட்டுதீகளா? இப்படிக் குடுங்க" என்று வாங்கினேன். கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

புண்ணில் ஒட்டியிருந்த பழைய துணியைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு எடுத்தேன். தங்கமாரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "கத்தித் தொலையேன்டி. அவதான் வாயத் தொறக்காமலே போயிட்டா, நீயுமா?" என்று திட்டினேன். கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும். அப்புறம் உன் துணியை ஒவ்வொரு துண்டாக அவள் முதுகில் போட்டேன்.

"நல்லாருக்கு அத்தை. குளுகுளுன்னு இருக்கு" என்றாள். தூங்கிவிட்டாள்.

நாளைக்கும் போக வேண்டும். துணி மாற்ற வேண்டும். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது. ஆனால் எனக்கு உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. போர்மேன் பொய்யன். தங்கமாரி நான் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக எதையும் சொல்வாள். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. ஆனால் அந்த "இருக்கட்டும்ணே" இருக்கிறதே, சிரித்துக்கொண்டே சொல்கிற அந்த இருக்கட்டும், அதை அவன் எங்கே போய்க் கற்றுக்கொண்டான்? அது உன் பேச்சு.

சொல்லு கருப்பட்டி. அவன் உன்னை மாற்ற விடவில்லையா, இல்லை, நான் வாங்கித் தந்ததைக் கழற்ற உனக்கு மனசு வரவில்லையா?